டிரேடு டெட்லைன் பேரங்களை எடை போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சீசன் நடுவில் அணிகள் ஆட்டக்காரர்களைக் கை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்தான் டிரேடு டெட்லைன். ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் மேஜர் லீக் பேஸ்பால் ரசிகர்களுக்கு ஆட்டத்தைவிட பேரங்கள்தான் பேச்சு. யார் யாரை வாங்கினார்கள், எவரைக் கொடுத்தார்கள், ஏமாந்தது எந்த அணி என்று வாக்குவாதம் நடக்கும். இதில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஆட்டக்காரரின் பெயரையும் ஹோம் ரன் எண்ணிக்கையையும் முதலில் பார்த்துவிடுகிறார்கள். பெயர் மனதில் உட்கார்ந்துவிட்டால் அதன்பிறகு எந்தக் கணக்கைக் காட்டினாலும் எடுபடாது.

கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு பேரத்தை நிதானமாக எடை போடலாம். வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய படியில் கிடைக்கும் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்த விவரத்துக்கு ஸ்போட்ராக் தளம், சர்வீஸ் டைமுக்கு (மேஜர் லீக்கில் இருந்த நாள் கணக்கு) பேஸ்பால் ரெஃபரன்ஸ், மீதி சீசனுக்கான கணிப்புக்கும் பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வாய்ப்புக்கும் ஃபேன்கிராஃப்ஸ். தளங்களில் இந்த மூன்றும் போதும்.

நான்காவதாக ஒன்று வேண்டும், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: பேரத்துக்கு முன்பு வெளியான ப்ராஸ்பெக்ட் (மேஜர் லீக்குக்கு வரக் காத்திருக்கும் இளம் ஆட்டக்காரர்) பட்டியல். எம்எல்பி பைப்லைன், பேஸ்பால் அமெரிக்கா இரண்டில் எது என்றாலும் சரி. பேரம் முடிந்த மறுநாள் அந்தப் பட்டியல்களைத் திருத்தத் தொடங்குவார்கள். அதனால் ஜூலை நடுவிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் விதிகளைப் பாருங்கள்

டெட்லைன் வழக்கமாக ஜூலை 31. அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் 2022-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 3 வரை ஒரு நாளை கமிஷனர் தேர்ந்தெடுக்கலாம். 2022-இல் ஆகஸ்ட் 2, 2024-இல் ஜூலை 30. அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6 மணியோடு கதவு மூடிவிடும்.

பழைய விவாதங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் "ஆகஸ்ட்டில் வாங்கிக்கொள்ளலாமே" என்பார்கள். 2017 ஆகஸ்ட் 31-இல் ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டனுக்குப் போனது அப்படித்தான். 2019 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. டெட்லைனுக்குப் பிறகு ஒரு மேஜர் லீக் ஆட்டக்காரரை எடுக்க வேண்டுமானால், வேறு அணி அவரை வேய்வரில் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று) விட்டிருக்க வேண்டும், அல்லது அவர் எந்த அணியிலும் இல்லாதவராக இருக்க வேண்டும். பிளேஆஃபில் ஆட ஆகஸ்ட் 31-க்குள் அந்த அணியின் அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டிராஃப்ட் உரிமைகளை, அதாவது புதிய இளைஞர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, பேரம் பேச முடியாது. சிறிய சந்தை அணிகளுக்குக் கூடுதலாகத் தரப்படும் காம்பெடிட்டிவ் பேலன்ஸ் சுற்று உரிமைகள் மட்டும் விலக்கு. என்பிஏ பழக்கத்தில் "ஒரு முதல் சுற்று உரிமையைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்" என்று எழுதுபவர்கள் இங்கேயே வழுக்கிவிடுகிறார்கள்.

கடைசியாக, மறுக்கும் உரிமை. 10 வருடம் மேஜர் லீக் சேவை முடித்து, அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தவர் எந்தப் பேரத்தையும் மறுக்கலாம். சிலருக்கு ஒப்பந்தத்திலேயே நோ-டிரேட் பிரிவு இருக்கும். 2022-இல் சான் டியேகோ பாட்ரெஸ் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு அனுப்ப நினைத்தவர்களில் எரிக் ஹாஸ்மர் ஒருவர். அவர் மறுத்ததால் லூக் வாய்ட் போக வேண்டியதாயிற்று. "ஏன் இவரைக் கொடுக்கவில்லை" என்று கேட்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

2. எவ்வளவு காலம் கையில் இருப்பார்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பேரத்தில் கை மாறுவது அந்த ஆட்டக்காரரின் மீதமுள்ள ஒப்பந்தக் காலம். அவருடைய திறமை அந்தக் காலத்துக்குள் கிடைப்பது மட்டும்தான்.

மேஜர் லீக்கில் 172 நாள் ஒரு சர்வீஸ் வருடம். பொதுவாக 3 வருடம் முடிந்தால் சம்பள ஆர்பிட்ரேஷன் (உடன்பாடு இல்லாவிட்டால் நடுவர் சம்பளத்தை முடிவு செய்வது), 6 வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட் (விரும்பிய அணியோடு ஒப்பந்தம் செய்யலாம்). முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே போகும். 2025-இல் அது 7,60,000 டாலர்.

சர்வீஸ் டைமை 4.060 என்று எழுதியிருப்பார்கள். இது தசம எண் இல்லை. 4 வருடம், 60 நாள். இன்னொரு சிக்கல்: அந்த எண் பெரும்பாலும் சீசன் தொடங்கியபோது இருந்த கணக்கு. ஏப்ரலில் 4.060 என்றால், இந்த சீசன் முடிவில் 5.060, அடுத்த சீசன் முடிவில் 6.060. ஆக வாங்கும் அணிக்குக் கிடைப்பது இந்த வருட மீதியும் அடுத்த முழு வருடமும். "இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது" என்று எழுதுபவர்கள் 6-இலிருந்து 4-ஐக் கழித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கிளப் ஆப்ஷன் (ஒப்பந்தத்தை நீட்டிக்கும் அணியின் உரிமை) இருந்தால் அதையும் கட்டுப்பாட்டுக் காலத்தில் சேர்க்கலாம், முடிவு அணியின் கையில் இருப்பதால். ஆட்டக்காரருக்கு ஆப்ட்-அவுட் (ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு வெளியேறும் உரிமை) இருந்தால் சேர்க்காதீர்கள். நன்றாக ஆடினால் வெளியேறிவிடுவார், காயம்பட்டால் இருந்துவிடுவார். இரண்டிலும் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிபவரை ரென்டல் என்பார்கள். ரென்டலில் ஒரு மறைவான இழப்பு உண்டு. சீசன் நடுவில் அணி மாறியவருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் (ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகும் தன் ஆட்டக்காரருக்கு அணி தரும் ஒரு வருட ஒப்பந்த அழைப்பு) கொடுக்க முடியாது. அதனால் அவர் வேறு இடம் போனால் வாங்கிய அணிக்கு டிராஃப்ட் உரிமை ஈடாகக் கிடைக்காது. விற்கும் அணியோ அவரை வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஈட்டைப் பெற்றிருக்கலாம். ஆகவே நட்சத்திர ரென்டலின் அடிவிலை பூஜ்யம் அல்ல.

3. வாங்கும் அணிக்கு ஒரு வெற்றி எவ்வளவு முக்கியம்?

ஒரே ஆட்டக்காரர் இரண்டு அணிகளுக்கு இரண்டு விலை. 2022 முதல் 12 அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று டிவிஷன். ஒவ்வொரு லீகிலும் முதல் இரண்டு டிவிஷன் சாம்பியன்கள் முதல் சுற்றைத் தாண்டி நேராக அடுத்த சுற்றுக்கு. மற்றவர்கள் மூன்று ஆட்ட வைல்டு கார்டு தொடரில் தலையைக் கொடுக்க வேண்டும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி: கூடுதலாக ஒன்றிரண்டு வெற்றி வந்தால் இந்த அணியின் பிளேஆஃப் வாய்ப்பு எவ்வளவு நகரும்? டிவிஷனில் 12 ஆட்டம் முன்னால் இருப்பவருக்கு அவ்வளவாக நகராது. வைல்டு கார்டு (டிவிஷன் சாம்பியன் அல்லாதவர்களுக்கான பிளேஆஃப் இடம்) வரம்பில் நான்கு அணிகளோடு மல்லுக்கட்டுபவருக்கு நிறைய நகரும். முன்னவருக்கு அக்டோபரில், அதாவது பிளேஆஃபில், உதவும் பிட்சர்தான் (பந்து வீசுபவர்) தேவை. பின்னவருக்கு ஆகஸ்ட் முழுக்கத் தினமும் ஆடும் பேட்டர்கூட தங்கம்.

வெற்றி-தோல்விப் பத்தியை மட்டும் பார்த்து "இவர்கள் விற்க வேண்டியவர்கள்" என்று முத்திரை குத்துவது பெரும் தவறு. 2021-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் டெட்லைனின்போது வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ரொனால்ட் அக்கூனா முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே. ஆனால் டிவிஷன் பலவீனமாக இருந்ததால் முதலிடம் சில ஆட்டங்கள் தூரத்தில்தான் இருந்தது. அவர்கள் ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், எடி ரொசாரியோ, ஹோர்ஹே சோலெர் என்று ஓர் அவுட்ஃபீல்டையே வாங்கினார்கள். ரொசாரியோவுக்காகக் கொடுத்தது பாப்லோ சாண்டோவலை. கிளீவ்லாண்ட் அவரை உடனே விடுவித்துவிட்டது. அந்த அக்டோபரில் ரொசாரியோ நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர், சோலெர் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரர்.

மறுபக்கமும் உண்டு. 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ், ஷோஹெய் ஒதானியின் கடைசி ஒப்பந்த வருடம் என்பதால், வாய்ப்பு மெலிந்திருந்தும் லூகஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோப்பஸையும் வாங்கினார்கள். ஆகஸ்ட்டில் சரிந்தார்கள். மாத முடிவில் இருவரையும் வேய்வரில் விட்டார்கள். சீசன் முடிவு 73 வெற்றி, 89 தோல்வி.

4. மீதி நாட்களில் எவ்வளவு தருவார்?

இப்போதுதான் ஆட்டக்காரரின் திறமைக்கு வருகிறோம். அதிலும் இந்த வருடப் புள்ளிவிவரம் நேரடியாக வேண்டாம். நூறு ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. ஃபேன்கிராஃப்ஸில் உள்ள ஜிப்ஸ், ஸ்டீமர் போன்ற மீதி சீசன் கணிப்புகள் பல வருட ஆட்டத்தையும் வயதையும் சேர்த்துப் பார்ப்பவை.

அளவுகோலாக வார் (WAR) புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மைனர் லீக்கிலிருந்து (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை லீக்குகள்) சுலபமாகக் கிடைக்கும் மாற்று ஆளைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்பதே அது. டெட்லைனுக்குப் பிறகு சுமார் 54 ஆட்டம், அதாவது சீசனில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். முழு சீசனில் 4.5 வார் தரும் நல்ல பேட்டர் மீதி நாட்களில் தருவது 1.5 வெற்றி. இந்தச் சிறிய எண்ணைப் பார்த்ததும் பலருக்கு நம்பிக்கை வராது. ஆனால் உண்மை அதுதான். ஒரே ஆளால் இரண்டு மாதத்தில் அட்டவணையைப் புரட்ட முடியாது.

இதில் கவனிக்க இரண்டு. ஒன்று, பிட்சர்களுக்கு இரண்டு தளங்களின் வாரைக் கலக்காதீர்கள். ஃபேன்கிராஃப்ஸ் ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் இவற்றிலிருந்து கணக்கிடுகிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் விட்டுக்கொடுத்த ரன்களிலிருந்து. வாங்கியவருக்கு ஒன்றும் கொடுத்தவருக்கு மற்றொன்றும் எடுத்தால் எந்தப் பக்கத்தையும் ஜெயிக்கவைக்கலாம். இரண்டு, அவர் யாருடைய இடத்தில் ஆடப்போகிறார் என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே சராசரி ஆட்டக்காரர் இருந்தால் லாபம் வார் காட்டுவதைவிடக் குறைவு.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் முன்னிலையைக் காக்க வரும் பிட்சர்களான குளோசர்கள் தனிச் சாதி. வார் அவர்களைக் குறைத்தே காட்டும், வீசும் இன்னிங்ஸ் குறைவு என்பதால். ஆனால் அக்டோபரில் ஓய்வு நாட்கள் அதிகம், மேலாளர் அவரை மட்டுமே நம்புவார். 2016-இல் சிகாகோ கப்ஸ் ரென்டலான அரோல்டிஸ் சாப்மனுக்காக நியூயார்க் யாங்கீஸுக்கு க்ளேபர் டோரஸ் உட்பட நால்வரைக் கொடுத்தார்கள். உலகத் தொடரின் 5, 6, 7 ஆகிய மூன்று ஆட்டங்களிலும் சாப்மன் வந்தார். ஐந்தாவதில் மட்டும் 8 அவுட். ஏழாவதில் ராஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் வாங்கி ஆட்டத்தைச் சமனாக்கியதும் அவரேதான். கப்ஸ் 1908-க்குப் பிறகு முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. என் கருத்தில், வெல்லத் தயாராக இருக்கும் அணி குளோசருக்கு வார் காட்டுவதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. வெல்லத் தயாராக இல்லாத அணி கொடுத்தால் பெருந்தவறு.

5. பணத்தைக் கணக்கில் சேர்க்கவும்

திறமையிலிருந்து சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பேரத்தில் கை மாறும் மதிப்பு. ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் ஒரு வாருக்கு 8 முதல் 10 மில்லியன் டாலர் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். நான் நடுவில் 9 என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த எண் எடுத்தாலும் இரு பக்கத்துக்கும் அதையே பயன்படுத்துவதுதான் முக்கியம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 3 வார் தரும் ஒரே மாதிரியான இரண்டு பிட்சர்கள். முதலாமவர் ரென்டல், வருடச் சம்பளம் 15 மில்லியன். மீதி சீசனில் 1 வார், அதாவது 9 மில்லியன் மதிப்பு. மீதிச் சம்பளம் 5 மில்லியன். மிச்சம் 4 மில்லியன்.

இரண்டாமவருக்கு இன்னும் இரண்டு ஆர்பிட்ரேஷன் வருடம் உண்டு. மொத்தம் 7 வார், 63 மில்லியன். சம்பளம் இந்த வருட மீதிக்கு 2, அடுத்து 6, அதற்கடுத்து 10, ஆக 18. மிச்சம் 45 மில்லியன். ஒரே திறமை, பதினோரு மடங்கு வித்தியாசம். "அவருக்கு அவ்வளவு கொடுத்தார்கள், இவருக்கு ஏன் இவ்வளவுதான்" என்று கேட்பவருக்கு இந்த இரண்டு வரியைக் காட்டினால் போதும்.

அடுத்தது ஆடம்பர வரி, அதாவது அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டியது. 2025-இல் வரம்பு 241 மில்லியன் டாலர். முதல் முறை தாண்டினால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் வருடம் 30, மூன்றாம் வருடம் 50. வரம்பை 60 மில்லியனுக்கு மேல் தாண்டினால் அந்தப் பகுதிக்கு இன்னும் 60 சதவீதம். தொடர்ந்து தாண்டிவரும் அணி உச்சத்தில் ஒரு டாலருக்கு 1.10 டாலர் வரி கட்டும். அப்படிப்பட்ட அணிக்கு மேலே சொன்ன 5 மில்லியன் உண்மையில் 10.5 மில்லியன். அதனால்தான் பணக்கார அணிகூட சில நேரம் "சம்பளத்தில் பாதியை நீங்கள் கட்டுங்கள், நல்ல ப்ராஸ்பெக்ட் தருகிறேன்" என்கிறது.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். 2023-இல் நியூயார்க் மெட்ஸ், மேக்ஸ் ஷெர்ஸரை டெக்ஸஸுக்கு அனுப்பியபோது அவருடைய சம்பளத்தில் 35 மில்லியனுக்கு மேல் தாங்களே ஏற்றார்கள். திரும்ப வந்தவர் லூயிசாங்கெல் அக்கூனா. சுருக்கமாக, பணம் கொடுத்து ப்ராஸ்பெக்ட் வாங்கினார்கள். அனுப்பிய பணத்தை எழுதாமல் இந்தப் பேரத்தை எடை போட்டால் டெக்ஸஸ் ஏமாந்தது போலத் தோன்றும்.

6. கொடுத்த இளைஞர்களை மதிப்பிடுங்கள்

இங்கே தவறு இரு திசையிலும் நடக்கிறது. தன் அணியின் ப்ராஸ்பெக்ட் என்றால் எல்லோருமே வருங்கால நட்சத்திரம். எதிரணியுடையவர் என்றால் "யார் இவர்?"

ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 45-இலிருந்து 50-க்கு இருக்கும் தூரத்தைவிட 55-இலிருந்து 60-க்கு இருக்கும் தூரம் மதிப்பில் மிகப் பெரியது. எனவே நான்கு 45-களைக் கூட்டினால் ஒரு 60 ஆகாது. ஆடுகளத்தில் ஒரே நேரத்தில் ஒன்பது பேர்தான், அணியில் 26 பேர்தான். "ஐந்து பேரைக் கொடுத்தார்களே" என்று தலை எண்ணுவது இங்கே உதவாது.

வயதையும் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். மைனர் லீக்கின் ஒரு நிலையான டபிள்-ஏ-வில் 20 வயதில் சமாளிப்பவர், அதே நிலையில் 24 வயதில் அடித்து நொறுக்குபவரைவிடப் பெரும்பாலும் மேல். பிட்சர் என்றால் காய அபாயத்துக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அணி மேஜர் லீக் ஒப்பந்தத்தில் வைத்திருக்கக்கூடிய 40 பேர் பட்டியலும் உள்ளே வரும். குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு ஒரு இளைஞரை அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால் டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் நிரம்பி வழியும் அணிக்கு அவரை எப்படியும் இழக்கும் அபாயம். இடம் காலியாக இருக்கும் அணிக்கு அவரே லாபம்.

"பின்னர் பெயர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்" என்று செய்தியில் இருந்தால் தீர்ப்பை நிறுத்தி வைக்கவும். 2018-இல் பிட்ஸ்பர்க், கிறிஸ் ஆர்ச்சருக்காக டாம்பா பே-க்கு டைலர் க்ளாஸ்நோவையும் ஆஸ்டின் மெடோஸையும் கொடுத்தது. அன்றே விவாதம் முடிந்துவிட்டதாக நினைத்தவர்கள் உண்டு. இரண்டு வாரம் கழித்து மூன்றாவது பெயர் வந்தது: ஷேன் பாஸ், 2017-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்.

7. ஒவ்வொரு அணிக்கும் தனித்தாள்

இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒவ்வொரு அணிக்கும் உள்ளே வந்தது, வெளியே போனது என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்று அணிப் பேரத்தில் இது இல்லாமல் குழப்பம்தான் மிஞ்சும். 2024-இல் டாட்ஜர்ஸுக்கு டாமி எட்மனும் மைக்கேல் கோபெக்கும், கார்டினல்ஸுக்கு எரிக் ஃபெடியும் டாமி ஃபாமும், ஒயிட் சாக்ஸுக்கு மிகேல் வார்கஸும் இரண்டு இளைஞர்களும் போனார்கள். கார்டினல்ஸ் தங்கள் எட்மனைக் கொடுத்ததற்கு ஈடாக ஒயிட் சாக்ஸிலிருந்து ஆள் வந்தது. தாளில் எழுதினால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஹுவான் சோட்டோவை வைத்து முழுவதையும் போட்டுப் பாருங்கள். நேஷனல்ஸ் அவரைப் பாட்ரெஸுக்குக் கொடுத்தது 2022 ஆகஸ்ட் 2. வயது 23. கையில் இருப்பது அந்த வருட மீதி, 2023, 2024, அதாவது மூன்று அக்டோபர். சம்பளம் அந்த வருடம் 17.1 மில்லியன், அடுத்த இரண்டும் ஆர்பிட்ரேஷனில் ஏறும். பாட்ரெஸ் வைல்டு கார்டு போட்டியில் இருந்தது. ஒரு வெற்றிக்கு உச்ச மதிப்பு.

நேஷனல்ஸ் தாளில் கதை வேறு. கடைசி இடம். சோட்டோ 15 வருடம், 440 மில்லியன் என்ற ஒப்பந்தத்தை மறுத்துவிட்டதாகச் செய்தி வந்துவிட்டது. 2024 வரை அவர் தரும் வெற்றிகளால் அவர்களுக்கு அதிகம் ஆகப்போவதில்லை. வந்தவர்கள் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ராபர்ட் ஹாசல், 19 வயது ஜேம்ஸ் வுட், 18 வயது ஹார்லின் சுசானா, கூடவே வாய்ட். சோட்டோவுடன் ஜாஷ் பெல்லும் போனார். இரண்டு தாளையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டு அணிக்குமே நியாயம் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் நடந்த வாக்குவாதம் வருடக்கணக்கில் நீண்டது.

8. தீர்ப்பை இரண்டாகப் பிரியுங்கள்

அன்றைக்குத் தெரிந்ததை வைத்து முடிவு சரியா என்பது ஒரு கேள்வி. பிறகு என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. விவாதத்தில் இறங்கும்போது எதைப் பேசுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதி சண்டை, ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதற்கும் பதில் சொல்வதால் வருவது.

சோட்டோ பாட்ரெஸில் முதல் 52 ஆட்டங்களில் .236 சராசரிதான். ஆனாலும் அணி அந்த வருடம் 101 வெற்றி பெற்ற மெட்ஸையும் 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸையும் வீழ்த்தி லீக் இறுதித் தொடர் வரை போனது. மறுபக்கம் ஏப்ரம்ஸ் 2024-லும், கோரும் வுட்டும் 2025-லும் ஆல்ஸ்டார் ஆனார்கள்.

2023 டிசம்பரில் பாட்ரெஸ் சோட்டோவை யாங்கீஸுக்கு அனுப்பி மைக்கேல் கிங், ட்ரூ தார்ப் உள்ளிட்டவர்களைப் பெற்றது. தார்ப் அடுத்த மார்ச்சில் டிலன் சீஸுக்கான பேரத்தில் போனார். இந்தச் சங்கிலியை எதுவரை பின்தொடர்வது? நான் ஒரு கண்ணியோடு நிறுத்துகிறேன். கிங் வந்தது சோட்டோவின் மிச்சக் காலத்தின் விலை, அதனால் அதைச் சேர்க்கலாம். சீஸ் வந்தது புதிய முடிவு, அதற்குப் புதிய தாள்.

தாளில் தேதியைப் போட்டு வையுங்கள். ரென்டல் பேரமாக இருந்தால் அந்த நவம்பரில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ப்ராஸ்பெக்ட்கள் நிறைய போன பேரமாக இருந்தால் மூன்றாவது வருடக் குளிர்காலம் வரை விளைவைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. அதுவரை முதல் கேள்வியோடு மட்டும் நில்லுங்கள்.